விற்கும் கருவியும் விற்கப்படும் பொருளும்

(ராஜபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக ஊடகமும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் காலப்போக்கில் எப்படி மாறி வந்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவில் தொடங்குவார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற அடுப்பங்கரையிலும், இந்த ஊரில் நாய் வளர்க்கிறவர்களின் தோட்டத்து வீட்டிலும் நின்று பார்க்க விரும்புகிறேன். ஆண்டாளுக்கு அடுத்தபடியாக நம் இரண்டு ஊர்களையும் வெளியுலகம் தெரிந்துவைத்திருப்பது இந்த இரண்டின் வழியாகத்தான். ஒன்று நாக்குக்குத் தெரிய வேண்டிய பொருள். இன்னொன்று உயிர், கூடவே இருந்து பழகினால் தவிர அதன் குணம் பிடிபடாது. இரண்டையும் இன்று உலகம் கைப்பேசித் திரையில் பார்த்து வாங்குகிறது.

நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். விளம்பரக் கருவி பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் பொருளின் ஏதோ ஒரு குணம்தான் கண்ணில் படும். அந்தக் குணத்துக்கு விலை கிடைக்கும். விலை கிடைப்பதால் செய்கிறவர் அதையே வளர்ப்பார். கருவியின் கண்ணில் படாத குணங்கள் கவனிப்பாரின்றித் தேயும். ஆகவே கருவி மாறும்போதெல்லாம் பொருளும் கொஞ்சம் மாறிவிடுகிறது. இதை நம் வட்டாரம் வேறு பல ஊர்களைவிட முன்னதாகவே பார்த்திருக்கிறது. ஏனென்றால் விளம்பரத் தொழில்நுட்பம் நமக்கு நேற்று வந்ததல்ல. பக்கத்து ஊரே அதுதான்.

சிவகாசியைச் சொல்கிறேன். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொழில் வளர்ந்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் குச்சி ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தறியாதவர்களும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதால் லேபிளில் கிளியும் மயிலும் யானையும் வந்தன. அந்தக் கருவி பார்த்த குணம் நிறம். நிறத்தில் போட்டி போட்டதால்தான் இந்தியா முழுவதற்கும் அச்சடித்துக் கொடுக்கும் ஊர் ஒன்று இந்தக் கரிசல் பூமியில் உருவானது.

அடுத்து வந்தது காலண்டர். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898–1976) போன்ற ஓவியர்களின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறி, கீழே கடைப் பெயரோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. இந்தக் காலண்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்றைய டிஜிட்டல் விளம்பரம் எதை இழந்திருக்கிறது என்பது காலண்டரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தினசரி காலண்டரை வாங்கி மாட்டுகிற குடும்பம் காலையில் தாள் கிழிக்கிறது. ராகு காலம், நல்ல நேரம், அமாவாசை, வாஸ்து நாள் பார்க்கிறது. அந்தக் கடையின் பெயர் ஒரு வருஷம் முழுக்க அந்தச் சுவரில் தொங்குகிறது. யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு முன்னால் அவர் கையாலேயே கொடுத்தது. இடையில் மூன்றாவது ஆள் யாரும் கிடையாது. விளம்பரம் செய்தவரும் பார்த்தவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

வானொலி வந்தபோது நிறத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெயருக்கு ஓசை வேண்டியிருந்தது. தென் மாவட்டங்களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதன் விளம்பரங்கள் பாட்டுகளைப் போலவே மனப்பாடம். விவித பாரதி 1967-ல்தான் விளம்பரம் ஏற்கத் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டன்று வந்தது. இவையெல்லாம் பெரிய கம்பெனிகளின் களம். நம் ஊர்க் கடைகளுக்குக் கிடைத்தவை சினிமாக் கொட்டகையின் இடைவேளை ஸ்லைடு, மைக் கட்டிய வண்டி, சுவர் எழுத்து, பிறகு உள்ளூர் கேபிள் டிவியில் திரையின் அடியில் ஓடுகிற ஒரு வரி. சிறு வியாபாரி பெரிய கம்பெனியோடு ஒரே பந்தியில் உட்கார முடிந்தது சமூக ஊடகத்தில்தான். அதனால்தான் அது வந்தபோது நம் ஊர்களில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆர்குட் 2004-ல் தொடங்கி 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பத்து வருஷம் சேர்த்த நட்பு வட்டங்கள் அதோடு போயின. அதில் வியாபாரம் பெரிதாக நடக்கவில்லை என்பதால் நாம் கவலைப்படவில்லை. ஃபேஸ்புக்கில்தான் கடைகள் பக்கம் திறந்தன. முதலில் பக்கத்தை விரும்பியவர்களுக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார்: இனி கடைகள், நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று. வாசகருக்கு நல்லது என்றே அது சொல்லப்பட்டது. கடைக்காரருக்கு என்ன ஆயிற்று? தன் பக்கத்தைத் தேடி வந்து விரும்பியவர்களிடமே பேசுவதற்குக் காசு கட்ட வேண்டியதாயிற்று. ‘பூஸ்ட்’ என்கிற அந்த நீலப் பொத்தானை இந்த அரங்கில் இருக்கிற எத்தனையோ வணிகர்கள் அழுத்தியிருப்பீர்கள். காலண்டர் கொடுத்தவருக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்திருந்தது. பூஸ்ட் செய்கிறவருக்கு ஓர் எண்ணிக்கை மட்டும் தெரிகிறது. ஆளைத் தெரிந்தவர் கலிபோர்னியாவில் இருக்கிறார்.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கென்று ஒரு பெரிய நாள் உண்டு. 2016 செப்டம்பர் 5. ஜியோ வந்த நாள். அதுவரை எம்பி கணக்கில் அளந்து செலவழித்த டேட்டா திடீரென்று கணக்கில்லாமல் கிடைத்தது. படிக்கிற இணையம் பார்க்கிற இணையமானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கூகுள் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைத் தந்தது; 2018 பிப்ரவரியில் தமிழ்ப் பக்கங்களில் விளம்பரம் போடவும் வழி திறந்தது. ஆங்கிலத் தட்டச்சுக்குத் தயங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். டிக்டாக் அவர்களுக்கு மேடை கொடுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொன்னது, அதே மாதம் 24-ஆம் தேதி தடையை விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு அது உட்பட 59 செயலிகளை முடக்கியது. ஒன்பதே நாளில், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகத்திலேயே முதலில் இந்தியாவில் சோதனைக்கு வந்தது. மூன்றே மாதத்துக்குள் கருவியின் கண் மாறிவிட்டது. நின்று பார்க்கும் படம் போய், முதல் இரண்டு மூன்று நொடியில் ஆளைப் பிடிக்கிற அசைவு வந்தது.

விளம்பரத்தின் ஆயுளையும் கவனியுங்கள். காலண்டருக்கு 365 நாள். 2016-ல் வந்த இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கும் 2017-ல் வந்த வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கும் 24 மணி நேரம். ரீல்ஸுக்கு, பார்க்கிறவர் விரல் மேலே தள்ளும் வரை. ஆயுள் குறையக் குறைய, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய உழைப்பு கூடுகிறது. முன்பு தீபாவளிக்குப் பிறகு ஒரு தரம் சிவகாசிக்குப் போய் ஆர்டர் கொடுத்தால் அந்த வருஷத்து விளம்பரம் முடிந்தது. இப்போது கடைக்கார வீட்டுப் பிள்ளை தினமும் படம் பிடித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது. போடாத வாரம் கடை இல்லாத வாரம். இந்த உழைப்பை யாரும் சம்பளக் கணக்கில் எழுதுவதில்லை. பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் படிக்கிற பிள்ளைகளும் செய்கிற வேலை இது.

இனி பால்கோவாவுக்கு வருகிறேன். பசும்பாலையும் சர்க்கரையையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. விறகடுப்பில் அகன்ற வாணலியில் விடாமல் கிண்டிச் சுண்ட வைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கூட்டுறவு பால் உற்பத்தியாளர் சங்கமும் செய்கிறது, பல குடும்பங்களும் செய்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே ரீல்ஸ் வந்தது என்பதை இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் ஊர்ப்பெயருக்கு வேலி போட்ட அதே வேளையில், கேமரா அந்தப் பெயரை எல்லா ஊருக்கும் கொண்டுபோயிற்று.

கேமராவுக்குப் பால்கோவாவில் என்ன தெரியும்? கொதிப்பு தெரியும், புகை தெரியும், வாணலியின் அகலம் தெரியும், கரண்டி சுழல்வது தெரியும். அதனால் வீடியோக்கள் எல்லாம் வாணலியைச் சுற்றியே வருகின்றன. எந்த மாட்டுப் பால், பால் கறந்து எத்தனை மணி நேரமாயிற்று, எந்தப் பதத்தில் இறக்கப்பட்டது, சர்க்கரை எவ்வளவு, இவை எதுவும் படத்தில் விழாது. சுவையைத் தீர்மானிக்கிறவை இவைதான். நல்ல பால்கோவாவும் மட்டமான பால்கோவாவும் பதினைந்து நொடி வீடியோவில் ஒன்று போலவே இருக்கும். பாலும் கிண்டும் நேரமும் குறைய, வாணலி மட்டும் பெரிதாக வைத்தவருக்கும் பார்வை வந்துவிடும்.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. பால்கோவாவின் ஆயுள் சில நாட்கள்தான். பஸ் நிலையத்தில் வாங்கி மதுரைக்கோ, பொதிகை ரயிலில் ஏறி மறுநாள் காலை சென்னைக்கோ எடுத்துப் போகிற வரை இந்த ஆயுள் போதுமானதாக இருந்தது. ரயில் போகிற தூரமும் பால்கோவா தாங்குகிற நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. டில்லியிலும் துபாயிலும் வீடியோ பார்த்தவர் கேட்கும்போது அந்தப் பொருத்தம் குலைகிறது. தாங்க வேண்டுமென்றால் ஈரப்பதம் குறைய வேண்டும், சர்க்கரை கூட வேண்டும், அல்லது காற்று நீக்கிய உறையோ வேறு ஏதாவதோ வேண்டும். உறை மாறினால் பரவாயில்லை. பதம் மாறினால்? இளகிய, மணல் மணலாக வாயில் கரைகிற பால்கோவா மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்ற பெயரில் வேறொரு இனிப்பாக ஆகிவிடும். யாரும் தீர்மானித்துச் செய்த மாற்றமாக அது இருக்காது. ஒவ்வொரு ஆர்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்ததில் வந்திருக்கும். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். பதத்தைக் காக்க வேண்டியவர்கள் கிண்டுகிறவர்களும், தின்று பார்த்துச் சொல்லத் தெரிந்த நாமும்தான்.

இதற்கு டிஜிட்டல் வழியிலேயே மருந்தும் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் இனிப்புக் கடைகள் உதிரியாக விற்கும் பலகாரங்களுக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை ஒரு சுமையாக நினைக்காமல், அதையே விளம்பரமாக்கலாம். ‘இன்று காலை ஆறு மணிப் பாலில் கிண்டியது, நான்கு நாளுக்குள் சாப்பிடுங்கள்’ என்று தினமும் ஸ்டேட்டஸில் போடுகிற கடை, வாணலியின் அகலத்தைக் காட்டுகிற கடையைவிட உண்மையான ஒன்றைச் சொல்கிறது. பெயரைத் திருடி வேறெங்கோ செய்து விற்கிறவரால் இந்த வரியை எழுத முடியாது.

வாட்ஸாப்பைச் சொன்னதால் அதன் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸாப் பிசினஸ்தான், என் கணிப்பில், நம் ஊர் அளவுக்குப் பொருந்திய கருவி. காரணம் ஒரு சின்ன ஏற்பாடு. அந்தச் செயலியில் பட்டியல் போட்டு அனுப்புகிற செய்தி, நம் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். அவர் நம்மை வைத்திருக்கிறார், நாம் அவரை வைத்திருக்கிறோம். காலண்டர் காலத்து உறவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வதந்தியால் உயிர்கள் போன பிறகு 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் திருப்பி அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. கடைகள் அதனால் கஷ்டப்பட்டன. ஆனால் அது சரியான கட்டுப்பாடு. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் விளம்பரம் வரப்போவதாக அறிவித்துவிட்டார்கள். ஃபேஸ்புக்கில் நடந்தது இங்கும் நடக்கலாம். ஆகவே வாடிக்கையாளர் பெயர், ஊர், எண் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள் என்று வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் கேட்கிறது.

   

இங்கே சத்திரப்பட்டியை நினைக்காமல் மேலே போகக் கூடாது. ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். பேண்டேஜை யாரும் ரீல்ஸில் பார்த்து ரசிப்பதில்லை. வாங்குகிறவை மருத்துவமனைகள், மொத்த வியாபாரிகள். 1996-ல் தொடங்கிய இந்தியாமார்ட் போன்ற தளங்களும், 2016-ல் வந்த அரசின் ஜெம் கொள்முதல் தளமும்தான் அப்படிப்பட்ட பொருள்களுக்கான டிஜிட்டல் சந்தை. அங்கே கேட்கப்படுவது நூல் எண்ணும் அளவும் தரச் சான்றும் விலையும். கருவி கேட்கிற கேள்வி பொருளின் பயனை ஒட்டியிருந்தால் பொருள் கெடுவதில்லை. சமூக ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அமைதியான சந்தையை நாம் மறந்துவிடுகிறோம். மாணவர்களுக்கு வேலை தருவது பல நேரம் இதுதான்.

கேமராவுக்கு மிகவும் பிடித்தும் கெடாமல் இருக்கிற ஒன்றும் நம்மிடம் உண்டு. ஆண்டாள் கையில் இருக்கும் கிளி. மாதுளம்பூவில் அலகும் மரவள்ளி இலையில் உடலுமாக அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டப்படுவது. அதைச் செய்கிற விரல்களின் வீடியோ எத்தனை பேர் பார்த்தாலும், தாயாருக்குச் சாத்துகிற கிளி நாளுக்கு ஒன்றுதான். எண்ணிக்கையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, வழிபாடு தீர்மானிக்கிறது. கருவியின் அழுத்தம் அங்கே ஏறுவதற்குப் படி இல்லை.

நாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்று நான் அதிகம் பேச நினைத்தது இதைப் பற்றித்தான்.

ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ரீல்ஸ் வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. பாராட்டும் கருவியும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் தேவை பெருகியது. நாட்டு நாயை மதிக்கத் தொடங்கியது நல்ல திருப்பம். அதற்காக நான் மனமார மகிழ்கிறேன். ஆனால் கேமரா அந்த நாயில் எதைப் பார்க்கிறது? வெள்ளையைப் பார்க்கிறது. தூய வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பச்சைக்கு முன்னால் நிற்க வைத்தால் அதைவிட அழகான படம் கிடையாது. எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு லைக், அவ்வளவு விலை.

அந்த வெள்ளைக்கு ஒரு கூலி உண்டு. இந்த இனத்தில் பிறவிச் செவிடு இருக்கிறது என்பது வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் தெரிந்த செய்தி. நிறமிச் செல்கள் தோலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. உள்காதிலும் அவை வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்தில் கேட்கும் உறுப்பே நலிந்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே சிக்கல்தான். ஆகவே தலைமுறை தலைமுறையாக அதிக வெள்ளையை மட்டுமே தேர்ந்தெடுத்து இணை சேர்த்தால், கேளாத குட்டிகளும் கூடிக்கொண்டே போகக்கூடும். கேளாத குட்டி படத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். வீடியோவில் துள்ளி ஓடும். வாங்கிப் போனவர் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் தெரியும். அதன் பிறகு அந்த நாய்க்கு என்ன ஆகும் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

குணமும் அப்படித்தான். தோட்டம் காக்கவும் வேட்டைக்கும் வளர்ந்த நாய் இது. ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொள்ளும், அந்நியரை அண்ட விடாது, ஓட இடம் கேட்கும். பெங்களூரில் ஆறாவது மாடியில் இருக்கிற குடும்பத்துக்கு வீடியோ இதைச் சொல்வதில்லை. வீடியோவில் கம்பீரம்தான் தெரிகிறது. முன்பெல்லாம் குட்டி வாங்க வருகிறவர் தாயைப் பார்ப்பார், முடிந்தால் தகப்பனையும் பார்ப்பார். வளர்ப்பவர் வந்தவரைப் பார்ப்பார். கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். விற்பவர் வாங்குபவரைத் தேர்ந்தெடுத்த வியாபாரம் அது. திரை வழியாக அந்தத் தேர்வு நடப்பதில்லை. முன்பணம் வந்ததா என்பதே தகுதியாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. தமிழ்நாடு அரசு 2024-ல் தனியாக நாய் இனப்பெருக்கக் கொள்கையே வெளியிட்டது. ஃபேஸ்புக்கின் சொந்த விதியே தனிநபர்கள் விலங்குகளை விற்பதைத் தடுக்கிறது. அந்த விதிக்குத் தப்ப, விலையை எழுதாமல் ‘விவரம் இன்பாக்ஸில்’ என்று எழுதுகிறார்கள். விலை மறைந்தது, விற்பனை மறையவில்லை. வெளிச்சத்தில் நடந்திருந்தால் கேட்கப்பட்டிருக்கும் கேள்விகள் கேட்கப்படாமல் போயின. செல்வாக்குள்ள பதிவர்கள் காசு வாங்கிச் சொல்கிற பரிந்துரைக்கு அடையாளம் போட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2023-ல் நுகர்வோர் நலத் துறையும் அதை வலியுறுத்தியது. சருமக் களிம்புக்கு அதைக் கவனிக்கிறவர்கள் நாய்க்குட்டிக்கும் கவனிக்க வேண்டும்.

இப்போது கருவி மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் கூகுள் தேடலின் உச்சியில் எந்திரமே எழுதித் தருகிற விடை இந்தியாவுக்கு வந்தது. ‘ராஜபாளையம் நாய் அடுக்குமாடிக்கு ஒத்து வருமா?’ ‘உண்மையான பால்கோவாவை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்டால் இனி முதலில் பத்து இணைப்புகள் வராது. ஒரு விடை வரும். இந்தக் கருவி விடை எழுத நிறமும் அசைவும் பெரிதாக வேண்டாம். பெரும்பாலும் எழுதி வைத்ததைக் கொண்டுதான் அது சொல்லும். நூறு வருஷமாக லேபிளுக்கும் ஓசைக்கும் திரைக்கும் ஏற்றபடி பொருளை மாற்றிக்கொண்டு வந்த நமக்கு, முதல் முறையாகப் பொருளின் உள்குணத்தைச் சொன்னால் கேட்கிற ஒரு கருவி வந்திருக்கிறது. அதனால்தான் இதைக் கண்டு நான் அஞ்சவில்லை. அஞ்ச வேண்டியது நாம் எழுதாமல் இருப்பதைக் கண்டுதான். நம் வட்டாரத்துப் பொருளைப் பற்றி இணையத்தில் இருப்பதில் பெரும்பகுதி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிய ஒரு வரி மதிப்புரைகள். அவற்றிலும் காசுக்கு எழுதியவை கலந்திருக்கின்றன. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தரநிலையே வகுக்க வேண்டி வந்தது. பதம் பார்க்கத் தெரிந்த கை, குட்டியின் காதைச் சோதிக்கத் தெரிந்த கை, இந்தக் கைகளின் அறிவு எழுத்தில் ஏறவே இல்லை. எழுதாததை எந்திரம் எங்கிருந்தாவது இட்டு நிரப்பும்.

ஆகவே இந்த அறக்கட்டளையிடமும் கல்லூரிகளிடமும் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். ராஜபாளையம் நாய்க்குத் தமிழில் ஒரு திறந்த பதிவேடு தொடங்குங்கள். ஒவ்வோர் ஈற்றுக்கும் தாய், தகப்பன், பிறந்த நாள், குட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றின் நிறம், காது கேட்கிறதா என்பது இருக்கட்டும். ஐந்து வாரத்துக்குப் பிறகு மூளைத் தண்டின் மின்னலையைப் பார்த்து ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் முறை உலகில் இருக்கிறது, திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பேசிப் பார்க்கலாம். வளர்ப்பவர்களின் பெயரை வெளியிட வேண்டியதில்லை, எண் போதும். பால்கோவா கிண்டுகிற பெரியவர்களிடம் மாணவர்கள் உட்கார்ந்து பதத்தைக் கேட்டு அவர்கள் சொல்லிலேயே எழுதட்டும். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் இவற்றுக்கு இடம் உண்டு. முதலில் அச்சில் வெளியிட்டு, அதைச் சான்றாகக் காட்டி அங்கே ஏற்ற வேண்டும். அப்படி அச்சிட்டுக் கொடுக்க இந்த அறக்கட்டளையால் முடியும். சிவகாசியும் பக்கத்தில் இருக்கிறது.

பதிவேட்டின் கேள்விகளை இரண்டு பக்கத்தில் எழுதி வந்திருக்கிறேன். வெள்ளைக் குட்டிக்கும் நிறம் கலந்த குட்டிக்கும் ஒரே விலை வைக்க வளர்ப்பவர்கள் சம்மதிப்பார்களா என்பது அதில் கடைசிக் கேள்வி. கூட்டம் முடிந்ததும் வளர்ப்பவர்களும் மருத்துவர்களும் கொஞ்ச நேரம் இருந்து, அதைப் படித்து, தவறிருந்தால் அடித்துத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.